பன்னிரண்டு கோட்டையும் அஞ்சு மரக்காலும்

ஏலே, இங்கன வா. அந்த லேப்டாப்ப செத்த நேரம் மூடி வையி, அது ஒண்ணும் ஓடிப் போயிராது. நேத்து ராத்திரி ஒங்க ஆச்சிகிட்ட பெருமையா வாசிச்சுக் காட்டுனியே, அத இன்னொரு தடவ வாசி பாப்போம். தாத்தாவோட 40 வருசத்து வரவுசெலவு நோட்டயெல்லாம் ஏஐ படிச்சு எழுதுன வரலாறுன்னியே, அதத்தான்.

"1979-ஆம் ஆண்டு இவர் கார் மூலம் பன்னிரண்டு கோட்டைகளையும் ஐந்து மரக்கால்களையும் பெற்றார்."

சபாஷ். சேரன்மகாதேவியில சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டக் காசில்லாம கெடந்தவனுக்கு காரு வாங்கிக் குடுத்து, பன்னெண்டு கோட்டையப் புடிக்க வச்சு, சண்டையில காலு போச்சுன்னு மரக்கட்டையும் மாட்டி விட்டிருக்கு. மனுசனுக்கு இருக்கது ரெண்டு காலுதாம்ல. மிச்சம் மூணு யாருக்கு? வண்டிமாட்டுக்கா?

நான் எழுதுனது ஒரே வரி: "கார் - 12 கோட்டை 5 மரக்கால்." காருன்னா ஆனியில நட்டு புரட்டாசியில அறுக்குற பூவு. மரக்கால் நெல் அளக்குறது. அது 21 சேந்தா ஒரு கோட்டை. சின்னப் புள்ளையில எம் மடியில ஒக்காந்து நெல்லு அளக்குறத வேடிக்க பாத்தவன் நீ. ஒனக்குத் தெரியும். மெஷினுக்கு எழுத்து தெரிஞ்சிருக்கு, ஊரு தெரியல. ரெண்டும் தெரிஞ்ச நீ என்ன செஞ்ச? பெட்டியோட நோட்டப் படம் புடிச்சுத் தள்ளிட்டு, காப்பி குடிக்கப் போயிட்ட.

கேட்டா ஒர்க்ஃப்ளோங்க. ஃப்ளோன்னா ஓட்டந்தானல? தாமிரவருணிக் கரையில பொறந்தவனுக்கே ஓட்டத்தப் பத்திப் பாடம் எடுக்கியா? சரி, ஒரு கத சொல்லுதேன்.

நம்ம வயலுக்குத் தண்ணி வார கன்னடியன் கால் எப்படி வந்துச்சுன்னு பெரியாளுவ சொல்லுவாங்க. கன்னட தேசத்துக்காரன் ஒருத்தன், கையில பணம் இருந்தும் கால எங்கன வெட்டன்னு தெரியாம நின்னானாம். ஒரு பசுவுக்குப் பின்னால போன்னு யோசன கெடச்சுதாம். அது நடந்த தடத்துல காலு, படுத்த எடத்துல கொளம். நெசமோ பொய்யோ, வெட்டுறதுக்கு முந்தி அவன் பசு பின்னால நடந்தான் பாரு, அதுதான் விசயம். நீ யாரு பின்னால நடந்த? எங்கிட்ட வந்து, "தாத்தா, நீங்க கணக்கு எப்படி எழுதுவீக? எதுக்குச் சுழிப்பீக? எதுக்கு அடிக்கோடு?" ன்னு ஒரு வார்த்த கேட்டியா? ஒரு மாசச் சோலிய மொதல்ல கையால செஞ்சு பாரு. எங்கன தட்டுது, எங்கன யோசிக்க வேண்டியிருக்குன்னு அப்பத்தான் தெரியும். அதுதாம்ல பசு நடந்த தடம்.

இன்னொண்ணு. இந்த ஆத்துல அணைக்கட்டு எத்தன? எட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில உள்ளது மட்டும் வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது, மத்ததெல்லாம் அதுக்கு முந்தியே நின்னுக்கிட்டிருக்கு. பாவநாசத்துல ஒரே வாய்க்காலா வெட்டி கடலு வரைக்கும் கொண்டு போறேன்னு ஒருத்தனும் கெளம்பல. ஒவ்வொரு எடத்துலயும் கொஞ்சம் நிறுத்தி, வேண்டியத மடையில திருப்பி, மிச்சத்த மேல வழிய விட்டான்.

நீயோ, "படி, பிரி, கூட்டு, வரலாறு எழுது"ன்னு எல்லாத்தயும் ஒரே மூச்சுல சொல்லிட்ட. நாலும் நாலு அணைக்கட்டுல. எழுத்த எடுக்கது ஒண்ணு. எந்த வரி வரவு, எது செலவு, எது வெறும் குறிப்புன்னு பிரிக்கது ஒண்ணு. கூட்டுறது ஒண்ணு. கதையா எழுதுறது கடைசி. ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் கண்ணுக்குத் தெரியுத மாதிரி ஒரு தாள்ல நிக்கணும். நின்னாத்தான் எங்கன ஒடஞ்சுதுன்னு பாக்க முடியும்.

கணக்குல புலியாச்சே நீ, இதப் போட்டுப் பாரு. எட்டு அணைக்கட்டு. ஒவ்வொண்ணுலயும் 100-க்கு 95 சரியா நடக்குதுன்னு வையி. கடைமடைக்கு எத்தன சரியா வரும்? 95-ன்னு நெனைக்க. தட்டிப் பாரு... எத்தன? 66 சொச்சமா? நூறு வரியில முப்பதுக்கு மேல கோளாறு. மேல ஒரு எழுத்து கலங்குனா கீழ வரைக்கும் கலங்கல்தான். ‘கார்’ங்கிறத அது மேலமடையிலயே காராக்கிட்டு. பொறவு கோட்டையத் தேடி ராசா வராம என்ன செய்வாரு?

அதுக்குன்னு மடைக்கு மடை ஆள் போடாத. 400 பக்கத்த வரிசையா நீட்டி "சரியா, சரியா"ன்னு கேட்டா, அம்பதாவது பக்கத்துல மனுசன் தூங்கிருவான், கை மட்டும் டிக் போடும். சிரிக்காத, ஒன்னச் சொல்லுதேன். நேத்து சாயங்காலம் எங்கிட்ட 10 பக்கம் காட்டிட்டுப் போனேல்லா? அதுல ஒரு பக்கத்துல, ஆடி மாசம் பிசானம் அறுத்ததா நானே பேனாவால மாத்தி வச்சேன். பிசானம் மாசி, பங்குனியில அறுக்குறது. ஆடியில எவன் அறுப்பான்? நீ காலையில எந்திரிச்சு சொகமா டிக் போட்டுட்ட. காவக்காரன் முழிச்சிருக்கானான்னு பாக்க, அப்பப்ப ஒரு கள்ளன நாமே அனுப்பிப் பாக்கணும்ல.

காவலுக்கு மெஷினையே வச்சிரலாம்னு நெனைக்கியா? பேப்பர்ல படிச்சேன். 2023-ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுக, சாட்ஜிபிடி குடுத்த தீர்ப்புகள அப்படியே கோர்ட்டுல தாக்கல் பண்ணிட்டாக. அந்த வழக்கெல்லாம் ஒலகத்துலயே இல்ல. அதுல ஒருத்தர் சந்தேகப்பட்டு, "இதெல்லாம் நெசந்தானா?"ன்னு அந்த சாட்ஜிபிடிகிட்டயே கேட்டிருக்காரு. அது "நெசந்தான்"னு சொல்லிட்டு. 5,000 டாலர் அபராதம். மாப்பிள்ளையப் பத்தி மாப்பிள்ளகிட்டயே விசாரிச்சா வேற என்ன சொல்லுவான்?

இப்ப ஒரு தாள எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. கார், பிசானம், கோட்டை, மரக்கால், பூவு, மராமத்து. ஒவ்வொண்ணுக்கும் நேரா அர்த்தம். இது நோட்டப் படிக்கதுக்கு முந்தி மெஷினு கையில இருக்கணும். அடுத்தது, கூட்டலுக்கு எதுக்குல ஏஐ? எலி புடிக்க யானையா? கால்குலேட்டர் மாதிரி ஒண்ண எழுதிப் போடு. அது கத விடாது. நான் பக்கத்துக்கு அடியில போட்ட கூட்டுத்தொகையோட ஒத்து வந்தா பேசாம போகட்டும், வராத பக்கம் மட்டும் ஒங்கிட்ட வரட்டும். அப்ப நீயும் முழிச்சிருப்ப.

முக்கியமானத சொல்லுதேன். வெளங்காத எடத்துல "தெரியல"ன்னு எழுத அதுக்கு அனுமதி குடு. மழையில நனஞ்ச பக்கம், கரப்பான் தின்ன பக்கம், பென்சில்ல கிறுக்குனது எல்லாம் இருக்கு. நீ பதில் கேட்டுக்கிட்டே நின்னா அது எதையாவது சொல்லத்தான் செய்யும். வழிகேட்டா தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு, வேற ஊருக்குக் கையக் காட்டுவாம்லா, அந்த மாதிரி.

400 பக்கத்தயும் இன்னைக்கே தொடாத. பத்துப் பக்கம் எடு. நல்லாத் தெரியுத பக்கமாப் பொறுக்காத, கோட்டித்தனமா கிறுக்குனதும் வேணும். அதுக்குச் சரியான விடைய நாம ரெண்டு பேரும் எழுதி வச்சுக்கிடுவோம். ஒவ்வொரு தடவ எதையாவது மாத்தும்போதும் அந்தப் பத்தையே திரும்ப ஓட்டு. மாத்துறதும் ஒண்ணொண்ணா மாத்து. ஒரே பூவுல வெதையயும் மாத்தி ஒரத்தயும் மாத்துனா, வெளைச்சல் கூடுனது எதனாலன்னு யாரு சொல்லுவா? எங்க சறுக்குச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வையி. நான் 40 வருசம் எழுதலயா? என் நோட்டுல ஒரு பைசா ஒதைக்காது, தெரியும்லா?

சரி, ஓட்டு பாப்போம். ம்... கார் நெல்லாயிட்டா? பலே. கோட்டை? அளவாச்சு. மரக்கால் கழண்டுட்டு, நல்லது. ஆடிப் பிசானத்தையும் "வழக்கத்துக்கு மாறா இருக்கு"ன்னு புடிச்சிட்டா? ஒன்ன விட கெட்டிதான்.

அங்க என்னல செவப்பா ஒரு வரி? வாசி.

"1983 மாசி. வாய்க்கால் மராமத்து 40 ரூபாய். பக்கக் கூட்டலில் இது சேரவில்லை. மற்ற ஆண்டுகளில் மாசி மாதம் மராமத்துச் செலவு இல்லை. அறுவடைக் காலம். என்ன செலவு என்று தெரியவில்லை. வீட்டில் கேட்கவும்."

மெதுவா வாசில. ஆச்சி அடுக்களையிலதான் இருக்கா. வீட்டுல கேக்கணுமாம்லா, வீட்டுல! ஏலே, அத நீ எழுதச் சொன்னியா, அதுவா எழுதுச்சா? என்ன, தெரியாதத தெரியலன்னு சொல்லச் சொன்னது நாந்தானா? ஆமா, நாந்தான். ஒத்துக்கிடுதேன்.

இந்தா பாரு மக்கா, ஒனக்கு ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. கொளம்னு இருந்தா மறுகால்னு ஒண்ணு உண்டு. நெறஞ்ச தண்ணி கரைய ஒடச்சிராம சத்தமில்லாம வெளிய போறதுக்கு. அந்த 40 ரூவாய அது வழியா விட்டுரு. அன்னா, பாத்திரச் சத்தம் நின்னுட்டு. லேப்டாப்ப மூடுல.