ஒற்றை ஆள் ஏகாதிபத்தியம்

ஐரோப்பியர் வருகை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் உண்டு. போர்த்துக்கீசியர் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர், பிரெஞ்சுக்காரர் வந்தனர். எல்லாம் முடிந்த பிறகு, போனால் போகிறது என்று ஒரு வரி: டேனியர்களும் வந்தனர், தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். அத்தோடு மணி அடித்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடந்த கூத்தை எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சில் யாராவது விழித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு மூன்று விஷயங்கள் பிடிக்கும். மாளிகை கட்டுவது, குடிப்பது, சண்டைக்குப் போவது. மூன்றுக்கும் காசு வேண்டும். லண்டனில் 1600-இல் ஒரு கம்பெனி, ஹாலந்தில் 1602-இல் ஒரு கம்பெனி என்று ஆரம்பித்து, மிளகிலும் கிராம்பிலும் அங்கே ஆளாளுக்குத் தொப்பை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோபன்ஹேகனில் குடியேறியிருந்த இரண்டு டச்சு வியாபாரிகள் மன்னர் காதில் ஓத, 1616-இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி உதயமாயிற்று. கம்பெனி இருந்தது, சாசனம் இருந்தது, முதல்தான் இல்லை. பங்கு வாங்க யாரும் க்யூவில் நிற்கவில்லை. பிரபுக்களும் பாதிரிமார்களும் மன்னர் கொடுத்த நெருக்கடியில் முனகிக்கொண்டே பணம் கட்டினார்கள். கப்பலை எந்த ஊருக்கு விடுவது என்பதும் முடிவாகவில்லை.

அந்த நேரம் பார்த்து, 1618-இல், வாசலில் வந்து நின்றார் மார்செலிஸ் போஸ்ஹௌவர். பூர்வாசிரமத்தில் டச்சுக் கம்பெனி ஊழியர். இப்போது கண்டி மன்னர் செனரத்தின் தூதர். தனக்கு இளவரசர் பட்டமும் உண்டு என்று சொல்லிக்கொண்டார். 'இலங்கைச் சக்கரவர்த்தி போர்த்துக்கீசியரை விரட்ட ஆள் தேடுகிறார். நீங்கள் கப்பல் அனுப்புங்கள், செலவை அவர் பார்த்துக்கொள்வார், வியாபாரம் முழுக்க உங்களுக்கே' என்பது அவர் கொண்டுவந்த திட்டத்தின் சாரம். டச்சுக்காரர்கள் ஏற்கெனவே இதைக் கேட்டுக் கையை விரித்திருந்தார்கள். ஒரு வியாபாரத்தை டச்சுக்காரனே வேண்டாமென்றால் ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். மன்னர் யோசிக்கவில்லை, ஒப்பந்தம் போட்டார்.

முதலில் ரோலண்ட் க்ராப்பே என்ற டச்சுக்காரரின் பொறுப்பில் 'ஓரெசுன்ட்' என்ற கப்பல் புறப்பட்டது. பின்னாலேயே பெரிய கப்பல்கள். அவற்றுக்குத் தளபதி ஓவே கெத்தே. வயது 23. இலங்கை வந்து சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று. வழியில் கூட வந்தவர்களில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள். செத்தவர்களில் போஸ்ஹௌவரும் ஒருவர். பேரத்தை முடித்த தரகர் கடலுக்குள் போய்விட்டார், பத்திரத்தோடு கட்சிக்காரர் மட்டும் கரையில் நிற்கிறார்.

1620 மே மாதம் செனரத் மன்னரிடம் பில் நீட்டப்பட்டது. அவர் பார்த்தார். இப்படியெல்லாம் கையெழுத்துப் போட அந்த மனுஷருக்கு நான் அதிகாரம் கொடுக்கவே இல்லையே என்றார். போதாததற்கு, போர்த்துக்கீசியரோடு மூன்று வருஷத்துக்கு முன்பே சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தார். கெத்தே மாதக்கணக்கில் பேசிப் பார்த்தார், திருகோணமலையில் கோட்டை கட்டவும் ஆரம்பித்துப் பார்த்தார். செலவுக்கணக்கு மட்டும் தீரவில்லை.

க்ராப்பேயின் கதை இன்னும் மோசம். காரைக்காலுக்கு அப்பால் போர்த்துக்கீசியர் ஓரெசுன்டை நொறுக்கிவிட்டார்கள். பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். மாலுமிகள் இரண்டு பேரின் தலைகளைக் கம்பில் செருகிக் கடற்கரையில் நட்டுவைத்தார்கள். இந்தப் பக்கம் வராதே என்பதை எல்லா மொழியிலும் சொல்லும் விளம்பரப் பலகை அது. க்ராப்பேயும் கூட ஒரு பத்துப் பதிமூன்று பேரும் நனைந்த கோழிகளாகக் கரையேற, உள்ளூர்க்காரர்கள் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்தவர் ரகுநாத நாயக்கர். தெலுங்கில் காவியம் எழுதுவார், வீணையில் கெட்டிக்காரர். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம், ஆள் பார்த்து எடைபோடுவது. நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு போர்த்துக்கீசியர் பண்ணுகிற அதிகாரம் அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. எதிரே நிற்பவனிடம் கப்பல் இல்லை, காசு இல்லை, மாற்றுத்துணிகூட இல்லை. ஆனால் ஐரோப்பியன், போர்த்துக்கீசியனுக்கு எதிரி. போதும். 1620 நவம்பரில் ஒப்பந்தம். தரங்கம்பாடி கிராமம், கல்லால் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி, வரி வசூலிக்கும் உரிமை. இதற்கெல்லாம் வருஷ வாடகை 3,111 ரூபாய். டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் ஒரு கடிதமும் அனுப்பினார். தமிழில், தங்க ஓலையில். கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்து தங்கம் அள்ளலாம் என்று கிளம்பியவர்களுக்கு, ஆரம்பத்தில் உருப்படியாகக் கிடைத்த தங்கம் அதுவாகத்தான் இருக்கும்.

கோட்டை எழும்பியது. டான்ஸ்போர்க் என்று பெயர். வீட்டுக்காரர் நாயக்கர், குடித்தனக்காரர் டேனியர் என்று உறவு நல்லபடியாகத் தொடங்கி, எல்லாக் குடித்தனங்களையும்போல வாடகை தேதியில் முட்டிக்கொண்டது.

வியாபாரம் என்ன என்று கேட்கலாம். தஞ்சாவூரில் மிளகு விளையாது, கிராம்பும் விளையாது. சோழமண்டலக் கரையில் நெய்த துணியை வாங்கி, மக்காசாரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கிராம்பு வாங்கி, அதை ஐரோப்பாவுக்கு ஏற்றவேண்டும். நம் நெசவாளர் தறியில் போட்ட துணிதான் அந்தக் காலத்தில் கிழக்குக் கடல் முழுக்கச் செல்லுபடியான நாணயம். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதைத்தான் செய்தார்கள். வித்தியாசம், அவர்களிடம் கப்பல்கள் இருந்தன. டென்மார்க்கிலிருந்து வந்ததே கொஞ்சம், அதில் பாதிகூட வீடு திரும்பவில்லை. பங்குதாரர்கள் கடையை மூடிவிடலாம் என்று கெஞ்சினார்கள், மன்னர் முடியாது என்றார். அதற்குள் 1625-இல் முப்பதாண்டுப் போரில் வலியப்போய்க் குதித்து, மறு வருஷமே லுட்டர் என்ற இடத்தில் மரண அடி வாங்கி, கஜானாவைத் துடைத்துவைத்திருந்தார். 1627-இல் நாயக்கருக்கு வாடகை கொடுக்கக்கூட வக்கில்லை.

1636-இல் பொறுப்புக்கு வந்தவர் பெர்ன்ட் பெஸ்ஸார்ட். இவரும் டச்சுக்காரர்தான். கண்ட இடத்தில் கடன் வாங்கினார். பிறகு, 1642-இல், வங்காளத்தில் தங்களுக்கு வரவேண்டிய நஷ்டஈடு வரவில்லை என்று சொல்லி முகலாயப் பேரரசின் மீது போர் அறிவித்தார். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்தப் பக்கம் ஷாஜகான். தாஜ்மகால் கட்டிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம், வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒரு மீன்பிடி ஊரின் குடித்தனக்காரர். போர் என்றால் படையெடுப்பா? அதெல்லாம் இல்லை. வங்காள விரிகுடாவில் போகிற வங்காள வியாபாரிகளின் கப்பல்களை மடக்கிச் சரக்கைப் பிடுங்கி விற்பது. போர் அறிவிக்காமல் செய்தால் அதற்குக் கடற்கொள்ளை என்று பெயர். அறிவித்துவிட்டால் ராஜதந்திரம்.

1643-இல் வில்லெம் லெயல் என்பவர் கணக்குக் கேட்க வந்தார். இவர் 1639-இல் கிளம்பியவர். நடுவில் டெனரீஃப் தீவில் ஸ்பானியரிடம் கப்பல் மாட்டிக்கொண்டதில் சில வருஷங்கள் போய்விட்டன. பெஸ்ஸார்டோ கணக்கு காட்டுவதாக இல்லை. கடைசியில் டேனிஷ் கோட்டையை டேனிஷ் கப்பல் வந்து முற்றுகையிட்டது. போர்த்துக்கீசியரும் நாயக்கரும் என்ன நினைத்திருப்பார்களோ. பெஸ்ஸார்ட் தப்பி ஓடினார், லெயல் உள்ளே போனார், கஜானாவைத் திறந்தால் காற்று. வேறு வழியில்லாமல் அவரும் வங்காளக் கப்பல் பிடிக்கும் தொழிலையே தொடர்ந்தார். 1648-இல் அவருடைய ஆட்களே கலகம் செய்து அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். அதே வருஷம் நான்காம் கிறிஸ்டியனும் கண்ணை மூடினார். 1650-இல் புது மன்னர் கம்பெனியைக் கலைத்தார். தரங்கம்பாடியைப் பிராண்டன்பர்க்குக்காரர் தலையில் கட்டிவிடவும் பேச்சு நடந்தது, அவரிடமும் பணமில்லை.

கம்பெனி கலைந்த சமாச்சாரம் ஒருபுறம். கோட்டையில் கொடி பறந்துகொண்டிருந்தது. கொடிக்குக் கீழே இருந்த டேனியர்கள் ஜுரத்திலும் சாராயத்திலும் ஒவ்வொருவராகக் கழிய, 1655-இல் மிஞ்சியது ஒரே ஒருவர்: எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாது. பெரிய இடத்துப் பிள்ளையும் இல்லை.

எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். டச்சுக்காரருக்கோ ஆங்கிலேயருக்கோ கோட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டு, நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு, எங்காவது போய்ச் சௌக்கியமாக இருந்திருக்கலாம். கேட்க ஒரு நாதி கிடையாது. சம்பளம் கொடுக்கக் கம்பெனியே கிடையாது. இவர் பதினான்கு வருஷம் கொடியை இறக்கவில்லை. தஞ்சாவூரில் இப்போது ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர். பழைய வாடகை பாக்கிக்காகப் படையை அனுப்புவார். கோங்ஸ்பாக்கே உள்ளூர் ஆட்களை வைத்துச் சமாளிப்பார். படை திரும்பிப் போனதும் கடலுக்குப் போய் ஒரு வங்காளக் கப்பலைப் பிடிப்பார். சரக்கை விற்பார். அந்தக் காசில் இடிந்த இடத்தைப் பூசுவார். மறுபடி படை வரும். இப்படியே போய், ஒரு கட்டத்தில் ஊரைச் சுற்றியே மதில் எழுப்பிவிட்டார். அடித்துக் கிளப்ப முடியாத குடித்தனக்காரனிடம் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பேசி ஒரு வழிக்கு வந்தார்கள்.

நடுநடுவே ஊருக்குத் தகவலும் அனுப்பினார், அந்தப் பக்கம் போகும் பிற நாட்டுக் கப்பல்களில். தனக்கு எழுதத் தெரியாது என்பதால் யார் கையையாவது பிடித்துத்தான் எழுதவைத்திருக்க வேண்டும். கோபன்ஹேகனில் அந்தக் கடிதங்களைப் படித்தவர்களுக்கு, நமக்கு இந்தியாவில் ஒரு கோட்டை இருக்கிறது என்பதே செய்தியாக இருந்திருக்கும். ஒருவழியாக மனம் இரங்கி, சிவர்ட் அடெலர் என்ற கேப்டனின் பொறுப்பில் 'ஃபேரோ' என்ற போர்க்கப்பலை அனுப்பினார்கள். 1669 மே மாதம் தரங்கம்பாடிக்கு எதிரே நங்கூரம் போட்டது. கப்பலில் ஆள் இருந்தது, சரக்கு இருந்தது, கோங்ஸ்பாக்கேயைக் கோட்டைத் தலைவராக நியமிக்கும் அரசாங்க உத்தரவும் இருந்தது. ஏற்கெனவே பதினான்கு வருஷம் பார்த்துவிட்ட வேலைக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்! அதையும் அவரால் படிக்க முடியாது.

மறு வருஷமே புதிதாக இன்னொரு கம்பெனி தொடங்கினார்கள். 1673-இல் வீட்டுக்காரர் குடும்பமே போய்விட்டது. மதுரைப் படையிடம் விஜயராகவர் மாண்டு, தஞ்சை நாயக்கர் ஆட்சி முடிந்தது. குடித்தனக்காரர் 1845 வரை இருந்து, வங்காளத்தில் தன் கையிலிருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்.

முகலாயரோடு போட்ட போர் மட்டும் பாக்கி நின்றது. அறிவித்தவர் போய், நடத்தியவர் போய், அறிவித்த கம்பெனியும் போய், ஷாஜகானும் போய், 1698-இல்தான் யாரோ உட்கார்ந்து பேசிச் சமாதானம் பண்ணினார்கள். கெத்தேயின் கப்பல்கள் கோபன்ஹேகனில் பாய் விரித்த 1618-இல் பிறந்த ஔரங்கசீப்புக்கு அப்போது எண்பது வயது. தக்காணத்தில் மராத்தியரைத் துரத்திக் களைத்துப்போயிருந்தார். செஞ்சிக் கோட்டை அவர் கைக்கு வந்ததும் அந்த வருஷம்தான். கூடவே டென்மார்க்கின் தொல்லையும் ஒழிந்ததில், கிழவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.