அரைக்கால் கணக்கும் அதிவேக இணையமும்

எங்கள் தெருவுக்கு இணையம் வழங்கும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அவர்கள் சமூகத்துக்கு, மாதந்தோறும் கெடு தவறாமல் சந்தா செலுத்திவரும் எளிய சந்தாதாரன் ஒருவன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

ஐயா,

தாங்கள் எங்கள் தெருவெங்கும் கண்ணாடி இழைக் கம்பி இழுத்து, வீட்டுக்கு ஒரு பெட்டியைப் பொருத்தி, அதில் ஒரு பச்சை விளக்கை இராப்பகலாக மினுங்கச் செய்து, ‘விநாடிக்கு 100 எம்பி வேகம், எல்லையற்ற பயன்பாடு’ என்று முச்சந்தியில் பலகையும் நாட்டியிருக்கும் உபகாரத்துக்கு முதற்கண் என் வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நூறு என்பது மங்களகரமான எண். அதைக் கண்ட மாத்திரத்தில் பூரிக்காத உள்ளம் இராது. ஆயினும், ஆயிரம் எம்பி கொண்ட திரைப்படம் ஒன்று, பலகையின் கணக்குப்படி பத்து விநாடியில் வந்து சேர வேண்டியிருக்க, ஏறத்தாழ ஒன்றரை நிமிஷம் எடுத்துக்கொள்வானேன் என்ற சந்தேகம் எங்களைப் போன்ற அற்பர்களுக்கு உதிப்பதும் சகஜமே.

சந்தேகத்தைத் தங்கள் சேவை மையத்தில் சமர்ப்பித்தபோது, பொறுமையே உருவான ஓர் இளைஞர், “சார், பிளான்ல இருக்கிறது சின்ன பி. உங்க கம்ப்யூட்டர் காட்டுறது பெரிய பி” என்று இரகசியத்தை உபதேசித்தருளினார். சின்னது பிட்; பெரியது பைட்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எழுத்துக்களுக்குள் பெரியது சிறியது என்ற வருணபேதம் இல்லாத லிபியில் படிக்கக் கற்ற எங்களுக்கு, ஓர் எழுத்தின் உயரத்துக்குள் எட்டு மடங்கு வித்தியாசம் குடியிருக்கும் என்று தோன்றாமற் போனதில் ஆச்சரியமில்லை. தங்கள் பலகையில் தமிழில் ‘எம்பி’ என்று தீட்டிய ஓவியருக்கும் அது தோன்றியிராது. தோன்றியிருந்தால் பாவம், எந்த பியைத் தீட்டுவது என்று தூரிகையும் கையுமாகத் திகைத்து நின்றிருப்பார்.

பிட்டின்மீது எனக்கு யாதொரு மனஸ்தாபமும் இல்லை. 1948இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் செய்தித்தொடர்பு பற்றிய தமது கட்டுரையில் அப்பெயரை வழங்கி, அதைச் சொன்னவர் ஜான் டூக்கி என்பதையும் மறவாமல் குறித்துவைத்தார். பெரியோர்களின் இலட்சணம் அது. கம்பியில் செல்லும் செய்தி ஒவ்வொரு பிட்டாக ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுகிறபடியால், கம்பியின் திறனைப் பிட்டால் சொல்லுவதே பொறியாளர்களுக்கு இயல்பாயிற்று. 1956இல் ஐபிஎம் நிறுவனத்தில் வெர்னர் புக்கோல்ஸ் பைட்டுக்குப் பெயர் சூட்டியபோது, இத்தனை பிட்டுக்கு ஒரு பைட் என்ற நியதிகூட ஏற்பட்டிருக்கவில்லை. 1964இல் அந்நிறுவனத்தின் சிஸ்டம் 360 வெளிவந்த பிறகே எட்டு என்பது நிலைபெற்றது. ஆகவே மாறும் அளவை விட்டு மாறாத அளவால் வேகத்தைச் சொன்னவர்கள் நேர்மையாளர்கள். அவர்கள் நேர்மையின் பொருட்டுக் கைக்கொண்டதைத் தங்கள் விளம்பரப் பிரிவினர் எதன் பொருட்டுக் கைக்கொண்டார்கள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

எட்டில் ஒன்றுக்கு எங்கள் முன்னோர் வைத்த பெயர் அரைக்கால். ஆகையால் தங்கள் பலகையைப் படிக்கக் கணினி ஞானம் எதுவும் வேண்டியதில்லை. நூற்றின் அரைக்கால் பன்னிரண்டரை, நூற்றைம்பதின் அரைக்கால் பதினெட்டே முக்கால், முந்நூற்றின் அரைக்கால் முப்பத்தேழரை என்று மனக்கணக்குப் போடத் தெரிந்தால் போதும். அந்தப் பன்னிரண்டரையும் முழுதாக வீடு வந்து சேராது. ஈதர்நெட் வழியில் 1,538 பைட் பயணம் செய்தால் அதில் நமக்கு உரியது 1,460 பைட்தான். மீதி, விலாசமும் தலைப்பும் இடைவெளியுமாகக் கழிந்துவிடும். கழிவு போகக் கிடைக்கும் 11.87 எம்பியையும், ஆயிரத்துக்குப் பதில் 1,024 என்று எண்ணும் வழக்கமுள்ள கணினிகள் 11.3 என்றே காட்டும். 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இந்த 1,024 கணக்குக்கு மெபிபைட் முதலான தனிப் பெயர்களை ஏற்படுத்திக் கொடுத்தும் அவற்றைச் சீந்துவார் இல்லை. இந்தச் சேதாரத்துக்காகத் தங்களைக் குறை கூறுவது அதர்மம்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. பலகையில் பிட்டால் பேசும் தாங்கள், பூதக்கண்ணாடி கொண்டு படிக்கவேண்டிய அடிக்குறிப்புக்கு இறங்கியதும், ‘மாதம் 3,300 ஜிபிக்குப் பின் வேகம் 2 எம்பிபிஎஸ்’ என்று பைட்டுக்குத் தாவிவிடுகிறீர்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது தாங்கள் அறியாததன்று. அரிசிக்கடைக்காரர் ஒருவர், கொடுக்கும் வேகத்தைப் பறைசாற்றும்போது ஆழாக்காலும், இதற்குமேல் கிடையாது என்று கைவிரிக்கும்போது படியாலும் பேசினால், முத்திரையிட்ட அளவைகளைச் சோதிக்கவரும் ஆய்வாளர் அவரிடம் சில கேள்விகள் கேட்பார். தங்களிடம் கேட்க ஆய்வாளர் எவரும் வருவதில்லை. அந்த 3,300 என்பது ஆயிரத்தின் கணக்கா, 1,024இன் கணக்கா என்பதைத் தாங்கள் சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் இடையே 243 ஜிபி பள்ளம் இருக்கிறது.

ஆயிரத்தின் கணக்கே என்று கொள்வோம். விநாடிக்குப் பன்னிரண்டரை எம்பி வீதம், தாங்கள் வாக்களித்த வேகத்தைத் தாங்கள் மெய்யாகவே ஓயாமல் அளித்துவந்தால், 3,300 ஜிபியும் 2,64,000 விநாடியில், அதாவது மூன்று நாள் ஒரு மணி இருபது நிமிஷத்தில் தீர்ந்துபோம். முதல் தேதி நள்ளிரவில் தொடங்கிய எல்லையின்மை நான்காம் தேதி கோழி கூவுமுன் எல்லையைக் கண்டுவிடும். இதை அறிந்த பிறகுதான், மாலை ஏழு மணிக்குமேல் வேகம் தளர்ந்துபோவதில் மறைந்திருக்கும் காருண்யம் எனக்குப் புலப்பட்டது. வாக்கைக் காப்பாற்றினால் சந்தாதாரன் நான்கு நாளில் நிர்க்கதியாவான் என்று கருதி, தங்கள் வாக்கையே தியாகம் செய்து அவனை மாதம் முழுவதும் இரட்சிக்கிறீர்கள்!

நிர்க்கதிக்குப் பிந்திய 2 எம்பிபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அகலக்கற்றை என்று சொல்லிக்கொள்ளத் தகுதியான குறைந்தபட்ச வேகம் இந்திய அரசின் 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் 256 கேபிபிஎஸ் ஆக இருந்து, 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தப்பட்டது. தரைக்கு ஓர் அங்குலம்கூட மேலே எழாமல் அதே எண்ணில் தாங்கள் நின்றருளுவது சட்டத்தின்மீதுள்ள பக்தியாலேயே இருக்கவேண்டும். அந்த வேகத்தில், முன்னே சொன்ன திரைப்படம் இறங்க ஒரு மணி ஆறு நிமிஷம் நாற்பது விநாடி ஆகும். இடைவேளைவரை பார்த்துமுடிக்கும் நேரம்.

ஆகவே, வேகத்தைப் பைட்டுக்கு மாற்றுங்கள் என்று கேட்டு, நூறு நின்ற இடத்தில் பன்னிரண்டரையை நிறுத்தித் தங்கள் பலகையின் சோபையைக் கெடுக்க நான் விரும்பவில்லை. என் பிரார்த்தனை நேர் எதிரானது: அடிக்குறிப்பையும் பிட்டுக்கு மாற்றிவிடுங்கள். 3,300 ஜிகாபைட் என்பது 26,400 ஜிகாபிட். எவ்வளவு கம்பீரமான எண்! ஒரு காசு செலவில்லாமல் தங்கள் தயாளம் எட்டு மடங்காகப் பெருகிவிடும். பெரிய எண்களிடத்தில் இத்தனை பிரியம் உள்ள தங்கள் விளம்பரப் பிரிவினர், இந்த ஓர் இடத்தில் மட்டும் சிறிய எண்ணோடு திருப்தியடைந்திருப்பதன் காரணத்தை நான் யோசித்துப் பார்த்ததுண்டு. இரண்டும் ஒரே அளவையில் அருகருகே நின்றால், ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்க ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கும் ஆசை வந்துவிடும். அச்சிறுவனுக்கு என்ன சமாதானம் சொல்லுவது என்பதைச் சேவை மையத்து இளைஞரோடு முன்கூட்டியே கலந்தாலோசித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புச் சிறுவர்கள் அதிகம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த சந்தாதாரன்