கல்வெட்டு அடிக்கிற கதை

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாளுக்குள் அவர் காவிய நாயகர் ஆகிவிடுவார். கீரிமலையில் அந்தியேட்டி முடிந்து, வீட்டுக்கிருத்தியச் சாப்பாட்டுக்கு ஊர் கூடும்போது ஆளுக்கொரு கல்வெட்டுப் புத்தகம் கைக்கு வரும். விநாயகர் காப்பு, திதி வெண்பா, ஊர்ச் சிறப்பு, வம்சம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். எல்லாரும் புலம்பி ஓய்ந்த பிறகு ஒரு தேற்றம். கூடவே ஓதுவதற்குத் தேவாரமும் திருவாசகமும்.

என் அப்பப்பா 1986இல், அட்சய ஆண்டில் காலமானார். எந்தப் பாட்டைப் போடுவது என்ற கவலை அன்றைக்கு வீட்டுக்காரருக்கு இல்லை. அதற்குப் பண்டிதர் இருந்தார். 1921இல் தொடங்கிய யாழ்ப்பாண ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பண்டிதர் சோதனை வைத்துத் தேற்றிவிட்டவர்கள் பலர் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து, பென்சன் எடுத்து, ஊர்ச் சாவுகளுக்கு யாப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பண்டிதர் எட்டுச் செலவுக்கு மறுநாள் சைக்கிளில் வந்தார். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி கேட்டார்:

“பிறந்தது எங்கை, முடிச்சது எங்கை, சீவன் போனது எத்தினை மணிக்கு?”

குணநலன்களையும் சொல்லலாம் என்று பெரியப்பா தொண்டையைச் செருமினார். பண்டிதர் கையைக் காட்டி நிறுத்தினார். “அது எனக்குத் தெரியும்.”

அவர் அப்பப்பாவைக் கண்டதே இல்லை. ஆனாலும் தெரிந்திருந்தது. கொடையில் கர்ணன், பொறுமையில் தருமர். ஒரு பனையின் நிழல் யாருக்கு என்பதில் தொடங்கி, எல்லை வேலிக்காக நீதிமன்றப் படிகளைத் தேய்த்த மனிதர் என் அப்பப்பா. அந்த வழக்கின் எதிராளியே பந்தியில் இருந்து ‘பொறுமையில் தருமர்’ என்பதைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு அவருக்கும் அதே பண்டிதர்தான் எழுதினார். அவரும் பொறுமையில் தருமரே.

வீட்டில் அடிபட்டது பாட்டுக்காக அல்ல, பேர் வரிசைக்காக. ஜெர்மனிக்குப் போன மருமகன் காசு அனுப்பியிருந்தார், ஆகவே முன்னுக்கு வரவேண்டும். வயதில் மூத்த மருமகன் ஊரிலேயே இருந்து பாடையும் தூக்கியவர், அவரும் முன்னுக்கு வரவேண்டும். ஓடிப்போய்க் கலியாணம் செய்த சின்ன மாமிக்குப் புலம்ப உரிமை உண்டா என்பது அடுத்த வழக்கு. பண்டிதர் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டு “மக்கள்” என்று பொதுவில் போட்டார். எதுகைக்கும் அதுதான் வசதி என்றார்.

மனைவி புலம்பலுக்கு அப்பம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையெழுத்து வைக்க மட்டும் தெரிந்தவர். அப்பப்பாவை “இஞ்சேருங்கோ” என்பதற்கு மேல் எதுவும் சொல்லி அழைத்ததில்லை. வேலி வழக்குக்குத் தாலிக்கொடியை அடகு வைத்த நாளில் இருந்து அதையும் குறைத்துக்கொண்டவர். முப்பத்தோராம் நாள் பண்டிதர் முகாரியில் எடுத்துப் பாடியபோதுதான் தான் என்னவெல்லாம் சொல்லிப் புலம்பினேன் என்பது அவருக்கே தெரியவந்தது. அழுதார். முகாரி அப்படித்தான்.

ஓதும் பாட்டுகளிலும் தெரிவு என்று ஒன்று இருக்கவில்லை. செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவது வழக்கம். இறைவன் நீராடப் பொற்சுண்ணம் இடிக்கப் பெண்களை அழைக்கும் குதூகலப் பாட்டு அது. இருபது பாட்டிலும் துக்கத்துக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. ஒப்பாரிக்கு நடுவே அதைப் பாடுகிறோமே என்று யாருக்கும் உறுத்தவில்லை. பாடவேண்டியது, பாடினோம்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையோடு தாளும் மையும் அருகின. எனக்குக் கிடைத்த ஒரு கல்வெட்டு கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தது. பேரர் புலம்பல் இடமில்லாமல் போயிற்று. பேரர்களும் அப்போது ஊரில் இல்லை.

இனி 2023. சோபகிருது ஆண்டு, ஆனி மாதம், ரொறன்ரோவில் பெரிய மாமி. இப்போது அது கல்வெட்டு அல்ல, நினைவு மலர். பண்டிதர் இல்லை, வாட்ஸ்அப் குழு இருக்கிறது. லண்டன், பாரிஸ், சிட்னி, சுன்னாகம் எல்லாம் அதற்குள். எல்லாருக்கும் தெரிவு செய்யும் சுதந்திரம் வந்துவிட்டதால் யாருக்கும் நித்திரை இல்லை.

சிவபுராணம் 95 அடியும் எதிர்ப்பின்றி நிறைவேறியது. மச்சாள் அபிராமி அந்தாதியை முழுதாகப் போடச் சொன்னாள், நூறு பாட்டு. கந்தசஷ்டி கவசம் இல்லாமல் அம்மா இருந்த நாளே இல்லை என்றார் மச்சான். பாரிஸ் சித்தப்பா, 1962இல் வந்த ‘பாத காணிக்கை’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய தத்துவப் பாட்டைக் கேட்டார். சினிமாப் பாட்டா என்று சிட்னி முகம் சுளித்தது. அதன் வேர் பட்டினத்தாரில் இருக்கிறது என்று நான் எழுதினேன். உடனே, அப்படியென்றால் பட்டினத்தாரையே போடுவோம் என்றார்கள். பட்டினத்தார் பெண்களைப் பற்றி வேறு என்னென்ன பாடியிருக்கிறார் என்பது லண்டன் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அத்தோடு பட்டினத்தார் வெளியேற்றப்பட்டார்.

கீதாசாரம் மட்டும் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து இருந்துவிட்டது. தேர்ச் சக்கரப் படத்தோடு சலூன் சுவர் முதல் எங்கும் தொங்கும் அந்த வாசகம், அந்த உருவில் கீதையின் 700 சுலோகங்களிலும் கிடையாது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்துவிட்டன.

திதியில்தான் மாட்டிக்கொண்டோம். ஆங்கிலத் தேதி திவசத்துக்கு உதவாது. திதி ஆண்டுக்கு ஆண்டு தள்ளித் தள்ளிப் போகும். அதை மறவாமல் இருக்கத்தான் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் நாலடியில் அடைத்துத் திதி வெண்பா என்று வைத்தார்கள். கல்வெட்டில் சோறு போடுகிற பகுதி அது ஒன்றுதான் என்பது என் கட்சி. மாமியின் சீவன் போனது ரொறன்ரோவில் இரவு; ஒன்பதரை மணிநேரம் முந்திக்கொண்ட சுன்னாகத்தில் மறுநாட் காலை. பஞ்சாங்கம் பார்ப்பது இங்கத்தைய நேரத்துக்கா, அங்கத்தைய நேரத்துக்கா? போதாததற்கு வாக்கியம் ஒன்று சொன்னது, திருக்கணிதம் வேறொன்று சொன்னது. இரண்டு ஐயர்மாரைக் கேட்டு மூன்று பதில் பெற்றோம். கடைசியில் மண்டபம் கிடைத்த சனிக்கிழமையை வைத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் இருந்த திதியை ஏற்றுக்கொண்டோம்.

வெண்பாவைப் பேரன் கைப்பேசியிடம் கேட்டான். கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. நாலு அடி இருந்தது. ஈற்றடியில் மூன்று சீர் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து. எண்ணிப் பார்க்க ஆளில்லை. 1986இலும் பண்டிதரைத் தவிர யாரும் எண்ணவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மலர் அழகாக வந்தது. வழவழப்பான தாள், முழுக்க நிறம். சிவபுராணம், அந்தாதி, கவசம், கீதாசாரம், சில திருக்குறள், நீரிழிவுக்காரருக்கான உணவு அட்டவணை. மாமிக்கு ஒன்றரைப் பக்கம். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் மாமி எந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளினார், யார் வளவில் பிறந்தார், சின்ன மாமியை ஒளித்துப் பார்க்கப் போனது அவர்தான் என்பதெல்லாம் எங்கும் இல்லை. பண்டிதரின் புளுகுக்கு இடையில் கிணறும் வளவும் கொண்டான் கொடுத்தான் முறையும் பிசகாமல் இருந்தன. அவருக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான், அதை விடாமல் கேட்டு வாங்கினார்.

அதனால்தானோ என்னவோ, நூலகம் நிறுவனத்தார் பழைய கல்வெட்டுகளைத் தேடித்தேடி வருடி இணையத்தில் ஏற்றுகிறார்கள். எங்கள் அப்பப்பாவும் அங்கே இருக்கிறார். ரொறன்ரோவில் பிறந்த என் பெறாமகள் வம்சவரைபடம் கீற வெளிக்கிட்டு அதைக் கண்டுபிடித்துவிட்டாள். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டாள்.

“சித்தப்பா, பூட்டி இவ்வளவு வடிவாப் பாட்டு எழுதுவாவோ?”

அப்படியில்லை பிள்ளை, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் எல்லாம் ஒரே கை எழுதினது என்று விளக்கினேன்.

“அப்ப எல்லாருக்கும் பூட்டிதான் எழுதிக் குடுத்தவாவோ?” என்றாள்.

இரண்டு நாளில் வரைபடம் குழுவுக்கு வந்தது. அப்பப்பாவின் பெட்டிக்குள் ‘சமாதான விரும்பி’ என்றும், பக்கத்துப் பெட்டியில் அப்பம்மாவின் பெயருக்கு முன்னால் ‘கவிஞர்’ என்றும் போட்டிருந்தாள். சிட்னியில் இருந்து முதல் கைகூப்பு வந்தது.