ஊதாப் படிகமும் கந்தக அமிலமும்

கேள்வி: போர்பைரினைத் தண்ணீரில் கரைய வைக்க வேதியியல் ஆய்வகங்களில் ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள்? கரையாவிட்டால் குடியா முழுகிவிடும்?

பதில்: குடி முழுகாது. போர்பைரினும் முழுகாது, அதுதான் சிக்கல்! ரத்தத்துக்குச் சிவப்பும் இலைக்குப் பச்சையும் தரும் குடும்பம் இது. ஒளி பட்டால் பக்கத்திலுள்ள ஆக்சிஜனை உசுப்பிவிட்டுப் புற்றுச் செல்லைத் தாக்க வைக்கும். ஆனால் நீரில் கரையாததை ரத்தக்குழாயில் எப்படி ஏற்றுவது?

முதலில் போர்பைரினைத் தயாரிக்க, பைரோலையும் பென்சால்டிஹைடையும் கொதிக்கும் புரோப்பியோனிக் அமிலத்தில் அரை மணி நேரம் காய்ச்ச வேண்டும். 1967-இல் ஆட்லர், லாங்கோ குழுவினர் வெளியிட்ட முறை இது. பைரோலை அன்றன்றே வாலைவடித்துக்கொள்வது நல்லது. நிறமற்ற அந்தத் திரவம் நாள்பட்டால் பழுப்பேறிவிடும். குடுவை கன்னங்கரேலென்று ஆகும், பயப்பட வேண்டாம். ஆறவைத்து வடிகட்டி மெத்தனாலால் கழுவக் கழுவ, வடிதாளில் ஊதாப் படிகங்கள் மின்னும். விளைச்சல் சுமார் 20 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் தார். இருந்தாலும் அந்த மினுமினுப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்தப் படிகங்களைச் செறிந்த கந்தக அமிலத்தில் சூடாக்கினால் கரைசல் பச்சையாகும். ஓரத்து நான்கு பென்சீன் வளையங்களிலும் தண்ணீரோடு ஒட்டும் சல்ஃபோனேட் ஏறும். நடு வளையம் தப்பிப்பது எப்படி? தாக்க வந்த அமிலமே அதன் நைட்ரஜன்களுக்குப் புரோட்டானைக் கொடுத்துக் காப்பாற்றிவிடுகிறது! சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கினால் பச்சை போய்ச் சிவப்பு வரும். போர்பைரின் இப்போது தாராளமாகத் தண்ணீரில் கரையும்.

பொறுமை தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். நடுநிலையாக்கியதில் கூடவே சோடியம் சல்பேட்டும் குவிந்திருக்கும். மெத்தனால் சல்ஃபோனேட் ஏறிய போர்பைரினைக் கரைத்துக்கொள்ளும், உப்பு அடியில் தங்கும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் எடை போட்டால், தராசு காட்டுவதில் பாதி உப்பாக இருக்கும்.