மொட்டைமாடிப் பண்ணையம்

ஆனி பாதி தாண்டியதும் எங்கள் படுக்கையறைக்கு மேலே விடியற்காலை ஐந்தரை மணிக்கு எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்கும். குடிவந்த வருஷம் திருடன் என்று நினைத்துக் கம்போடு மாடிக்கு ஓடினேன். இப்போது என் மனைவி கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுகிறாள்: "பேசாம படுங்க. ஆடிப்பட்டம் வருதில்ல, மண்ணு மாத்தறாரு."

மண் மாற்றுகிறவர் எங்கள் வீட்டுச் சொந்தக்கார ஐயா. சேலம் அழகாபுரத்தில் கீழே அவர் குடும்பம், முதல் மாடியில் நாங்கள், அதற்கு மேலே அவருடைய பண்ணையம். நிலக்கிழாருக்கும் நிலத்துக்கும் நடுவில் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறோம்.

இவர் ஒருவர் என்று எண்ண வேண்டாம். சூரமங்கலத்திலிருந்து அம்மாப்பேட்டை வரை எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரு பச்சை நிழல்வலை தெரியும். அதன் அடியில் நிச்சயம் ஒரு ஓய்வூதியர் இருப்பார். பழைய ஆபீஸ் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் கத்தரிக்கோல். பெரும்பாலும் ஊர்க்காட்டை விட்டுத் தப்பி வந்தவர்கள். அப்பா மரவள்ளிக் காட்டுக்குக் களை வெட்டக் கூப்பிட்டபோது "நாளைக்குப் பரீட்சை" என்றவர்கள். அந்தப் பரீட்சைகளை எல்லாம் எழுதி, வேலைக்குப் போய், முப்பத்தைந்து வருஷம் நகத்தில் மண் படாமல் சம்பளம் வாங்கி, ஓய்வு பெற்ற மறுமாதமே மூட்டை இவ்வளவு என்று விலை பேசிச் செம்மண்ணை இரண்டு மாடி ஏற்றுகிறார்கள்.

மண் கலக்கும் நாள் எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி. செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. அதில் கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு, வேரழுகல் வராமலிருக்க டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ். கட்டியாக வாங்கிய நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்று ஐயா மூன்று தண்ணீர் விட்டு அலசுவார். அந்த மூன்று தண்ணீரும் எங்கள் சன்னல் வழியாகத்தான் இறங்கும். கலந்த பிறகு பதம் பார்ப்பதுதான் முக்கியம். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். ஒருமுறை என் மனைவியை மேலே கூப்பிட்டு, உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை வைத்து, "ஏம்மா, இது புட்டுக்குப் பதமா?" என்று கேட்டார். அவளும் அழுத்திப் பார்த்து, "இன்னும் ஒரு கை தண்ணி தெளிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாயந்திரம் எங்கள் வீட்டில் புட்டு. யாரும் சாப்பிடவில்லை.

விதை விஷயத்தில் ஐயா படுகண்டிப்பு. நாட்டு விதைதான். 'ஹைபிரிட்' என்ற சொல்லைக் குழந்தைகள் இருக்கும்போது உச்சரிக்க மாட்டார். விதைகள் இருப்பது அவருடைய மனைவியின் மாத்திரை டப்பாவில். ஏழு கிழமைக்கு ஏழு அறை: திங்கள் கத்திரி, செவ்வாய் மிளகாய், புதன் தக்காளி. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை அந்த அம்மா ரத்த அழுத்த மாத்திரை என்று நாலு முள்ளங்கி விதையை விழுங்கிவிட்டார். ஐயா பதறியது உண்மை. ஆனால் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை விதை போச்சு?"

விதைப்புக்கு நாள் பார்ப்பதும் உண்டு. தினசரி நாட்காட்டியில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று போட்டிருக்கிறதல்லவா, அதை இந்த ஊரில் இவ்வளவு மரியாதையோடு படிக்கிறவர் வேறு யாரும் இல்லை. வெண்டைக்கு மேல்நோக்கு நாள், முள்ளங்கிக்குக் கீழ்நோக்கு நாள். ஆடியில் கல்யாணம் பேசக்கூடாது, வீடு மாறக்கூடாது, ஆனால் கத்திரிக்குக் குழித்தட்டு போட அது மாதிரி மாதம் இல்லை. தொண்ணூற்றெட்டுக் குழி உள்ள தட்டில் குழிக்கு ஒரு விதை. இருபத்தைந்து முப்பது நாளில் நாற்றைப் பிடுங்கிப் பைக்கு மாற்ற வேண்டும். அதுவரை தட்டுக்குக் காவல் அவர். அவருக்குக் காவல் நாங்கள், ஏனென்றால் அணிலை விரட்ட அவர் ஓடும் வேகத்துக்கு எங்கள் கைப்பிடிச் சுவரின் உயரம் போதாது.

எருவுக்கு மட்டும் அவர் சேலத்தை நம்புவதில்லை. நாமக்கல்லில் அவருடைய சம்பந்திக்குக் கோழிப்பண்ணை. நாமக்கல் முட்டை வளைகுடா வரைக்கும் போகிறது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. வருவது எரு. போன ஆனியில் நான் ஒரு வேலையாக நாமக்கல் போவது தெரிந்து, "தம்பி, வரும்போது சம்பந்தி ஒரு சின்னப் பை தருவாரு" என்றார். சின்னப் பை என் இடுப்பு உயரம் இருந்தது. பேருந்தில் காலடியில் வைத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் வரை ஒன்றுமில்லை. வெயில் ஏற ஏற மூட்டை தன் இருப்பைத் தெரிவிக்கத் தொடங்கியது. முன் இருக்கைக்காரர் தன் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்து அம்மா மடியிலிருந்த குழந்தையை முகர்ந்து பார்த்தார். ஆண்டகலூர் கேட்டில் ஏறிய கல்லூரிப் பிள்ளைகள் ஏறிய வேகத்தில் படிக்கட்டுக்கே திரும்பிவிட்டார்கள். கண்டக்டர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லக்கேஜ் எவ்வளவுங்க?" என்றேன். "லக்கேஜெல்லாம் வேண்டாங்க. நீங்க பின்சீட்டுக்குப் போனாலே போதும்" என்றார். மல்லூர் வருவதற்குள் பின்சீட்டு முழுக்க எனக்கே சொந்தம்.

அப்படிச் சுமந்து வந்த எருவை அவர் அன்று மாலையே நாற்றுகளுக்கு வைத்தார். மூன்றாம் நாள் கத்திரி நாற்று அத்தனையும் இலையோரம் கருகித் தலைகவிழ்ந்து நின்றன. பச்சைக் கோழி எருவில் தழைச்சத்து மிக அதிகம். அம்மோனியா கிளம்பி வேரை வெந்துபோகச் செய்துவிடும். நார்க்கழிவோடு கலந்து மக்கவைத்த பிறகுதான் செடிப்பக்கம் கொண்டுவர வேண்டும். இதை எனக்கு விளக்கிச் சொன்னவரும் அவரேதான், கருகிய நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு. "தெரிஞ்சேதான் வெச்சீங்களா?" என்று கேட்டேன். "தெரியும் தம்பி. உண்மையான்னு பாத்தேன்" என்றார்.

பூச்சி மருந்து என்ற பேச்சே கிடையாது. பஞ்சகவ்யம், வேப்பெண்ணெய்க் கரைசல், வெல்லமும் மீன்கழிவும் சம எடையில் போட்டு மூடிவைத்த மீன் அமிலம். (இதற்குத் தெருப்பூனைகள் நேரில் வந்து சாட்சி சொல்லும்.) மாவுப்பூச்சிக்கு மட்டும் எதுவும் பலிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் குளவிச் செய்தி அவர் காதில் விழுந்தது. 2020-க்குப் பிறகு சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளை ஒரு புது மாவுப்பூச்சி பாழாக்கியதும், மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் திறந்துவிட்டதும் நிஜம். கடுகைவிடச் சிறிய குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், பொரிந்து வரும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். ஐயா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, "நமக்கு நாலு குடுக்க மாட்டாங்களா?" என்று கிளம்பிவிட்டார். விவரம் தெரிந்த ஒருவர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினாராம்: அந்தக் குளவி மரவள்ளி மாவுப்பூச்சியைத்தான் தேடிப் போகும், உங்கள் செம்பருத்திக்கு வந்திருப்பது வேறு ஜாதி. திரும்பி வந்தவர் மாடியில் ஒரு பெரிய டிரம்மில் மரவள்ளிக் குச்சி நட்டார். "பூச்சி வரட்டும் தம்பி. அதைத் தேடிக் குளவி வருமில்ல?"

ஆடி பிறந்தால் காற்று. அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. நிழல்வலை பறந்ததைப் பார்த்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு அது மொத்தமாகக் கிளம்பி, மூன்று வீடு தாண்டி, கேபிள் கம்பியில் மாட்டி, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய தோரணம்போல் விடியும்வரை ஆடிக்கொண்டிருந்தது.

ஆடிப்பதினெட்டுக்கு வாழப்பாடிப் பக்கத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். எழுபது வயது, இன்றும் காட்டில் நிற்கிறவர். தம்பி அவரை மாடிக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு பையாக அறிமுகம் செய்தார். இது பச்சைக் கத்திரி, இது யானைத்தந்த வெண்டை, இது சிறகவரை. அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுக்கை படுக்கையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏண்டா, ஒரு பைல ஒரு செடிதானா?"

"ஆமாங்கண்ணா. வேரு ஓடறதுக்கு எடம் வேணுமில்ல."

"மண்ணு?"

"வாங்குனது. மூட்ட நூத்தம்பது."

அண்ணன் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரில் கையைத் தட்டிக்கொண்டு, "உன் பங்கு ரெண்டு ஏக்கராவ வித்தியே, அன்னிக்கே ஒரு டிப்பரு அள்ளி வெச்சிருக்கலாம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது வெண்டை விதை இரண்டு கேட்டு வாங்கி வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். அந்த இரண்டு விதையைப் பற்றி ஐயா எங்களிடம் ஒரு வாரம் பேசினார்.

விளைச்சல் வராமலில்லை. வரும்போது முதல் காய் சாமிக்கு, அடுத்தது எங்களுக்கு. ஒரு பாவக்காயைத் தட்டில் வைத்து, மஞ்சள் பூசாத குறையாக எடுத்து வருவார். வாங்குவது சுலபம், அப்புறம்தான் கஷ்டம். மறுநாள் படிக்கட்டில் மறித்து, "எப்படி இருந்துச்சு?" என்பார். "நல்லா இருந்துச்சுங்க" என்றால் விடமாட்டார். கசப்பு எப்படி, விதை முற்றியிருந்ததா, வேகும்போது வாசம் வந்ததா? ஒரு பாவக்காய்க்கு இத்தனை வாக்குமூலம் கொடுப்பதைவிட அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் ஒரு கிலோ வாங்கிவிடலாம்.

இந்த ஆவணியில் அவர் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போக வேண்டியதாயிற்று. சாவியும் நாலு பக்கக் குறிப்பும் என் கைக்கு வந்தன. மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் முதல் இரண்டு குடம் நாற்றுக்கு, போர்த் தண்ணீர் உப்பு, அதைப் பந்தலுக்கு மட்டும். சுரைக்கொடி ஆறாவது கணுவில் நுனி கிள்ளி, பக்கக் கிளையிலும் நுனி கிள்ளி 3ஜி கட்டிங் செய்தாகிவிட்டது. இனி பொம்பளைப் பூ நிறைய வரும், தயாராக இருக்கவும். கடைசி வரியில் அடிக்கோடு: சுரை பூப்பது சாயந்திரம், அந்த நேரத்துக்குத் தேனீ வராது.

தேனீ வராததால் நான் போனேன். மணி ஏழு. வாயில் செல்போன் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வெள்ளைப் பூக்களைப் புரட்டிப் பார்த்தேன். பெண் பூவின் காம்பில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிஞ்சு இருக்கிறது, மேலெல்லாம் வெள்ளைப் பூனைமயிர். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களைப் பின்னுக்கு மடக்கி, நடுவிலிருந்த மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுத்தேன். சத்தியமாக மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொட்டேன். அந்த நேரம் பார்த்து வாயிலிருந்த செல்போன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு.

"தம்பி, பூப் பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம் கீழ. ம், தொட்டாச்சா? ரெண்டு தரம் தொடுங்க."

திரையின் ஓரத்தில் பேத்தியின் முகம் எட்டிப் பார்த்தது. "தாத்தா, யாரு இவரு?"

"இவரா? நம்ம பண்ணையத்துக்கு ஆளும்மா" என்றார். "தம்பி, அப்படியே அந்த மரவள்ளி டிரம்மையும் காட்டுங்க. பூச்சி வந்துருச்சா?"