பச்சிளங்குழந்தைப் போர்வையும் அதன் காலதாமதமும்: ஓர் ஆராய்ச்சி

பிறக்கவிருக்கும் குழந்தைக்கெனக் கையால் தைக்கத் தொடங்கும் ஒட்டுப்போர்வை, அக்குழந்தை தானே நடந்து வந்து அதைப் பெற்றுக்கொள்ளும் வயதில்தான் முடிவுறுகிறது என்பது தையற்கலைஞர் அனைவரும் அறிந்ததேயாயினும், அதன் காரணம் இதுகாறும் உரியவாறு ஆராயப்படவில்லை. ஒட்டுப்போர்வையாவது, துணித்துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்த போர்வை. பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் இதன் உறவினங்கள் வங்காளத்தில் காந்தா எனவும் மராட்டியத்தில் கோதடி எனவும் வழங்கும். தமிழகத்தில் பழைய வேட்டியே குழந்தையின் முதல் விரிப்பாதலாலும், வேட்டி எவர் முயற்சியுமின்றித் தானே பழையதாகிவிடுமாதலாலும், இங்கு இச்சிக்கல் எழவில்லை. தாமதம் முழு வளர்ச்சி பெற்றுள்ள இடம் அமெரிக்கா. முடிவுறாத கைவேலையை அந்நாட்டார் 'யு.எப்.ஓ.' என்றே குறிப்பர். பறக்கும் தட்டுக்கும் அதுவே பெயர்.

தாமதத்துக்குச் சோம்பலே காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது, என்னையெனின், முதற்போர்வை அலமாரியில் உறங்கும் காலத்தில் அதே கைகள் வேறு மூன்று போர்வைகளைத் தொடங்கியிருப்பதைக் காண்கிறோம், சோம்பேறிக்கு அது இயலாது. ஆகவே குற்றம் தைப்பவரிடம் இல்லை, போர்வையின் அமைப்பில் இருக்கிறது.

36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் உள்ள ஒரு போர்வையை எடுத்துக்கொண்டால், மேல்துணிக்கு, தைத்தபின் 9 அங்குலம் நிற்கும் சதுரங்கள் 20 வேண்டும். இவற்றைக் கால் அங்குலத் தையல்விளிம்பு விட்டு இணைக்கும் கட்டம் இன்பமயமானது. ஒவ்வொரு சதுரமும் முடிந்தவுடன் அழகு தெரியும், வருவோர் போவோரிடம் காட்டிப் பாராட்டும் பெறலாம். அடுத்து, மூன்று அடுக்குகளையும் கூடத்துத் தரையில் விரித்து, சுருக்கம் விழாதபடி முழந்தாளிட்டு ஊர்ந்து ஊக்கு குத்தும் கட்டத்தில் ஆர்வம் குன்றத் தொடங்குகிறது. அதையும் கடந்து ஊடுதையலை முடித்தவர் இறுதியில் எதிர்கொள்வது ஓரப்பட்டி.

ஓரப்பட்டி என்பது, பிசிறு தெரியாமல் நான்கு விளிம்புகளையும் பொதிந்து மூடும் நீண்ட துணிப்பட்டை. முன்புறம் எந்திரத்தால் தைத்து, விளிம்பைச் சுற்றிப் பின்புறம் மடித்து, மூலைதோறும் சாய்வாக மடிப்பெடுத்துக் கையால் தைக்க வேண்டும். மேற்சொன்ன போர்வையின் சுற்றளவு 162 அங்குலம். அங்குலத்துக்கு 8 தையல் வீதம் கணக்கிட்டால் 1,296 தையல். இவ்வளவும் செம்மையாகத் தைத்தால் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தால் செம்மையில்லை. பாராட்டுக்கே இடமில்லாத வேலை கடைசியில் வந்து நிற்குமாயின், மனிதர் அதை நெகிழிப்பையில் சுருட்டிப் பரண்மேல் ஏற்றுவது இயற்கையே என்க.

இம்முடிபுக்கு வலுவான சான்று கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் உள்ளது. அங்கு வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி சமூகத்துப் பெண்கள் தம் போர்வையை மூலையில் தொடங்கி, விளிம்பை முதலிலேயே மடித்து முடித்துவிட்டு, துண்டுகளை ஒட்டித் தைத்தபடி சுற்றிச்சுற்றி நடுவை நோக்கி வருவர். அவர்கள் பணி முடிவது நடுவில். ஓரப்பட்டி என்னும் தனித் துன்பமே அங்கில்லை. மற்றவர்கள் இதை ஏன் பின்பற்றவில்லை என்பது வியப்புக்குரியது. முதலிலேயே துன்பப்பட எவரும் விரும்பார் என்பதன்றி வேறு விடை தோன்றவில்லை.

இனி, தாமதம் குற்றமா என்பதையும் ஆராய வேண்டும். முதல் ஓராண்டுக்கு, குழந்தை உறங்கும் இடத்தில் தலையணையோ ஒட்டுப்போர்வை முதலிய மென்விரிப்புகளோ இருத்தல் ஆகாது, அவை மூச்சை அடைக்கக்கூடும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. எனவே பேறுகாலத்துக்கு முன்பே முடிந்து வரும் போர்வை மடிப்புக் கலையாமல் அலமாரியில் காத்திருக்க நேரும்; முதற்பிறந்தநாள் கழிந்து வருவதோ நேரே தொட்டிலுக்குச் செல்லும். காலந்தவறியவர் என ஏசப்பட்டவரே உரிய காலத்தில் கொடுத்தவர் என்பது இதனால் பெறப்படும். ஆயினும் இச்சலுகைக்கு எல்லை உண்டு. 45 அங்குலப் போர்வை, உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குக் கழுத்துவரை இழுத்தால் காலை மூடாது.

அரைகுறைப் போர்வை வைத்திருப்போர், பின்புற அடையாளத் துணியில் பெயரை எப்போது வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம்; ஆண்டை மட்டும் ஓரப்பட்டி முடிந்த பிறகே தைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.