ஏனைய வேலைகளும்

மாலைதீவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் ஹட்டன் தோட்டத்துப் பிள்ளையின் ஒப்பந்தத்தை இஸ்தோப்பில் குடும்பமே கூடி வாசிக்கிறது. வாசிக்கட்டும், நமக்கு இது புதுப் பழக்கம். கங்காணி கூட்டிவந்த பூட்டனுக்கு இருந்த கடதாசி 'துண்டு' ஒன்றுதான்; அதிலும் அவர் பட்ட கடன்தான் எழுதியிருந்தது. 1921இல் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் நம்மில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டார்கள். போகவேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு தோட்டச் சம்பளத்துக்குக் கூட்டு ஒப்பந்தங்கள் வந்தன, போயின. ஆயிரம் ரூபா நாட்சம்பளமோ 2021இல் வர்த்தமானி வழியாகத்தான் வந்தது. அதற்கும் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின.

'நிர்வாகம் பணிக்கும் ஏனைய வேலைகளும்' என்ற வரியில் மாமா விரலை வைத்தார்: "இது நம்ம தொர எழுதினதா பிள்ள?"

சம்பளம் டொலரிலா ருஃபியாவிலா, பள்ளி லீவுக்குச் சம்பளம் உண்டா, டிக்கெட் யார் செலவு, பாஸ்போர்ட் யார் கையில் என்றெல்லாம் பிள்ளை குறித்துக்கொண்டாள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவதையும் மறக்கவில்லை.

'தங்குமிடம் இலவசம்' என்றதும்தான் அம்மாயி வாய் திறந்தார்: "ஒரு காம்பராவுல எத்தன குடும்பம்னு எழுதி வாங்கு."